தானாக விழுந்தவர்

தஞ்சாவூர்ப் பக்கத்துச் சாலைகளில் யாரும் யாரையும் இடிப்பதே இல்லை. எல்லோரும் தானாகத்தான் விழுகிறார்கள். நம்பிக்கை இல்லாதவர்கள் எந்த ஆஸ்பத்திரி கேசுவாலிட்டியிலும் போய் நின்று பார்க்கலாம். தூக்கிக்கொண்டு வந்தவரை டாக்டர் என்ன நடந்தது என்று கேட்பார். "தானா விழுந்துட்டாருங்க" என்று பதில் வரும். போலீஸ், கோர்ட் என்று யார் அலைவது?

அந்தப் பதிலோடு தினமும் மல்லுக்கட்டியவள் ஆஷ்லின். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் கோடர். நோயாளியின் ஃபைலைப் படித்து எந்த எலும்பு முறிந்தது, எப்படி முறிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைப் போடுவது வேலை. பைக் வழுக்கி விழுந்தால் ஓர் எண். நிற்கிற பொருளில் மோதி விழுந்தால் வேறு எண். போன் பேசிக்கொண்டு போனவருக்குக்கூட ஓர் எண் இருக்கிறது. வெறுமனே 'தானாக விழுந்தார்' என்று எழுதி வருகிற ஃபைலை அவள் விடவே மாட்டாள். 'எதனால் விழுந்தார்?' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவாள். டியூட்டி டாக்டர்களுக்கு அவளைக் கண்டாலே எரிச்சல்.

போன மாசியில் அவள் அப்பா ஆசீர்வாதம் சம்பாவை அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். ஈரம் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். களத்தில் இடமில்லை. அம்மாபேட்டைப் பக்கத்தில் எல்லோரும் செய்கிறபடி தார் ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைப் பரப்பினார். வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கருங்கற்களை வரிசையாக வைத்தார். அதுவும் எல்லோரும் வைப்பதுதான். பொழுது சாய்கிற நேரத்தில் தஞ்சாவூரிலிருந்து வலங்கைமானுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பைக் அந்தக் கல்லில் மோதியது.

மகள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிதான் அவர் நினைவுக்கு வந்தது. அடிபட்டவனை லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கல்லில் மோதியதை வழியிலேயே போன் பண்ணிச் சொல்லியிருந்ததால் ஆஷ்லின் கேசுவாலிட்டி வாசலிலேயே நின்றாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் பெயர் பாசித். துபாயிலிருந்து லீவில் வந்தவன். கண் திறந்திருந்தது. முடியெல்லாம் நெல். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எப்படி ஆச்சு?" என்றார் டாக்டர்.

"தானா..." என்று தொடங்கிய ஆசீர்வாதம் மகள் பக்கம் திரும்பினார்.

டாக்டர் ஆஷ்லினைப் பார்த்தார். "தானான்னு எழுதுனா நாளைக்கு நீங்களே திருப்பி அனுப்புவீங்க. எதனாலன்னு சொல்லுங்க."

காரணம் இல்லாத ஃபைல் நிற்காது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? காரணமோ சட்டைப் பையில் அடித்துக்கொண்டிருந்தது.

"போன் பேசிட்டே போயிருக்காரு சார். அதான் பேலன்ஸ் போயி விழுந்துட்டாரு."

டாக்டர் எழுதிக்கொண்டார். போன் மறுபடி அடித்தது. பாசித்தின் கை மெல்லப் பைப்பக்கம் போனது. நர்ஸ் ஊசி போட அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஷ்லின் போனை எடுத்தாள். 'ஃபஹ்மிதா' என்று பெயர் தெரிந்தது. சத்தத்தை அமர்த்தி நர்ஸிடம் கொடுத்துவிட்டாள்.

ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போதே அவனுக்கு நினைவு தப்பியது. அப்புறம் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து இறந்துபோனான். ஃபைல் அவள் மேஜைக்கே வந்தது. அவ்வளவு தெளிவான ஃபைல் அந்த மாதம் வேறெதுவும் வரவில்லை. வழுக்கி விழுந்ததற்கு ஓர் எண்ணும், போன் பேசியதற்கு ஓர் எண்ணும் போட்டு முடித்தாள். அழுதுகொண்டே போட்டாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அழவில்லை. பயம்தான் இருந்தது.

"போனுன்னு ஏம்மா சொன்ன? அவரு போனத் தொடவே இல்லியே. கண்ணால பாத்தேனே," என்றார் ஆசீர்வாதம்.

"உங்களுக்காகத்தாம்ப்பா."

அதற்கப்புறமும் அவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார். பாவத்தோடு நன்மை அப்பம் வாங்கக் கூடாது என்று அதற்கு மட்டும் எழுந்து போகமாட்டார். கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் அப்பாவை ஆஷ்லின் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

ஆனியில் ஒரு பகல் நேரம். கறுப்பு புர்கா போட்ட ஒரு பெண் ரெக்கார்ட்ஸ் அறைக்குள் தயங்கித் தயங்கி வந்தாள். கணவன் இறந்தபின் வீட்டுக்குள்ளேயே இருக்கிற நான்கு மாத இத்தா முடிந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக வெளியே வந்திருக்கிறாள். அண்ணன் வெளியே ஆட்டோவில் காத்திருந்தான்.

"பாசித்தோட வொய்ஃபுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"உக்காருங்க," என்றாள் ஆஷ்லின்.

"இட்லி மாவு வாங்கிட்டு வாங்கன்னு சொல்லத்தான் அடிச்சேன். எடுக்கலேன்னு திரும்பத் திரும்ப அடிச்சேன். போன் பேசிட்டே விழுந்தாருன்னு இங்க எழுதியிருக்காம். எங்கிட்டதான் பேசவே இல்லியே. எடுக்கப் போயி விழுந்தாரா? மாமி என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கிறதில்லங்க. எம் புள்ளைய நீதான் கூப்பிட்டுக் கொன்னேங்கிறாங்க. நெசமான்னு மட்டும் சொல்லுங்க. நெசம்னா ஏத்துக்கறேன்."

'எழுதியிருக்கறது அவ்வளவுதாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் எழுந்து போய்விடுவாள். அப்பா தப்பித்தார். வேலையும் தப்பியது. ஆஷ்லின் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"உங்க மேல எதுவும் இல்லீங்க. அவரு போன எடுக்கவே இல்ல. ரோட்டுல நெல்லு காஞ்சுது. ஓரத்துல வச்ச கல்லுல மோதிட்டாரு. அது எங்கப்பா வச்ச கல்லு. போனுன்னு சொன்னது நானு. எங்க வந்து வேணாலும் சொல்றேன். உங்க மாமிகிட்டயும் வந்து சொல்றேன்."

திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று காத்திருந்தாள். ஃபஹ்மிதா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் அடிச்சது அவரு விழுந்தப்புறமாங்க?"

"இங்க கொண்டு வந்தப்புறம். பையிலதான் அடிச்சுது."

"முழிச்சுட்டா இருந்தாரு?"

"ஆமாங்க. எடுக்கப் பாத்தாரு. கையப் புடிச்சுட்டாங்க. நாந்தான் சத்தத்த அமத்துனேன்."

ஃபஹ்மிதா தலையை ஆட்டினாள். கல்லைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை.

"எடுத்து அவரு காதுல வச்சிருக்கலாமேங்க," என்றாள். "நான் பேசியிருப்பேனே."