பூஜையறைப் பச்சை

வெங்கிட்டு சார் செருப்போடு உள்ளே வந்தபோதே சந்தனமாரி விரித்திருந்த பாயைச் சுருட்டி எடுத்துவிட்டாள்.

மட்டாஞ்சேரி மசாலாக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்தது அவர்களுடைய ஒற்றை அறை வீடு. முனைவர் பட்டத்துக்கு அவளை வழிநடத்தும் பேராசிரியர் அந்த அறையின் நடுவில் நின்று கூரையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், ஈரம் ஊறிப் பொரிந்து கிடந்த சுவரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து ஒவ்வொன்றாகப் படம்பிடிக்கத் தொடங்கினார். யாரிடமும் கேட்கவில்லை.

"அசாத்தியமான சுவர், கேட்டியா மாரி? இத அப்படியே கண்காட்சிக்குக் கொண்டு வரணும்."

அம்மா பேச்சியம்மாள் சாயாவை நீட்டினாள். "குடிங்க சாரே. கிளாசு புதுசுதான்."

"இப்பதான் ஆத்துல குடிச்சுட்டு வரேன்" என்று சிரித்தார் அவர். "அம்மா, நீங்க வேலைக்குப் போட்டுக்கற சட்டை, பூட்ஸ், கையுறை, எதையும் தொவைக்க வேண்டாம். அந்த அழுக்கோடயே இருக்கட்டும். கண்காட்சி அன்னிக்கு அதப் போட்டுண்டு ஹால் நடுவுல உக்காரணும்."

"நானா? நான் எதுக்கு சாரே அங்க? படம் வரையிறது எம்மக."

"வரையறதா பெரிசு? நீங்கதான் ஆர்ட்டே."

அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். சந்தனமாரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் போனைத் திருப்பிக் காட்டியபோதுதான் நிமிர்ந்தாள். ஏதோ பழைய பத்திரிகைப் படம். ஒரு விடுதியின் கழிவுத் தொட்டியிலிருந்து கயிறு கட்டித் தூக்கிய உடம்பு. அவள் அப்பா பிச்சையின் உடம்பு.

"இத சுவர் அளவுக்குப் பெரிசு பண்ணப் போறேன். அதுக்கு முன்னால அம்மா. பாக்கறவா ஆடிப் போயிடுவா."

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அப்பா போனபோது சந்தனமாரி பள்ளிக்கூடத்துப் பெண். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்த குடும்பம். இங்கே வந்தும் கிடைத்தது அதே சாக்கடை வேலைதான். அம்மா மட்டும் பிடிவாதமாக மகளைப் படிக்க வைத்தாள். ஓவியக் கல்லூரிக்குப் போன முதல் வருஷம் பழைய சுவரோவியம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அதிலிருந்த காட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவுரி இலையின் நீலத்தையும் மரப்பிசினின் மஞ்சளையும் குழைத்து எடுத்த பச்சை. எத்தனையோ மழைக்காலம் பார்த்த சுவரில் அது இன்னும் ஈரமாகத் தளிர்விட்டு நின்றது. அந்தப் பச்சையைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்தாள்.

"பச்சையா? அத யார் வேணா பண்ணலாம்" என்றார் வெங்கிட்டு சார், சேர்ந்த புதிதில். "உன்னால மட்டுமே பண்ண முடியறது ஒண்ணு இருக்கு. யோசி."

அவர் எதைச் சொல்கிறார் என்று அப்போது புரியவில்லை. கூடப் படிக்கும் சந்தீப் மேகங்களை வரைந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். அவனுடைய அப்பா பேங்க் மேனேஜர். அவரைக் கண்காட்சியில் உட்கார வைக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

அவள் தேடிய பச்சையில் மிகப் பழையது எங்கே இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். வெங்கிட்டு சார் வீட்டிலேயே இருந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தா ஒரு பழைய தறவாட்டுக் குடும்பத்திடமிருந்து வாங்கிய வீடு. பூஜையறைச் சுவர் முழுக்க ஒரு வனம் தீட்டியிருக்கிறது என்று அவரே வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பார்க்க வரட்டுமா என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மாரி. அம்மா பழைய காலத்து மனுஷி. மடி, ஆசாரம்னு உயிர விடுவா. நீ புரிஞ்சுக்கணும்."

அவளும் புரிந்துகொண்டாள். வயதானவர்கள் மனதைப் புண்படுத்துவானேன் என்று இருந்துவிட்டாள்.

அவர் வந்து போன அன்று பேச்சியம்மாள் சோற்றைப் பிசைந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. "நீ டாக்டர் ஆவணும்னா நா உக்காந்துட்டுப் போறேன் மோளே. எத்தன எடத்துல உக்காந்தாச்சு" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்தப் படத்துக்கு முதுகக் காட்டித்தானட்டி உக்காரணும்? பாத்துக்கிட்டு இருக்கச் சொல்ல மாட்டாவள்ல?" என்று கேட்டாள்.

சந்தனமாரி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்கே போனாள், முடியாது என்று சொல்வதற்கு. கதவைத் திறந்தது அவருடைய மனைவி கமலாக்ஷி. ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. நல்ல வார்த்தை பேசுகிறவள்.

"நீதான் மாரியா? உன்னப் பத்தி நெறையச் சொல்லியிருக்கார். அவர் குளிச்சிண்டிருக்கார். இப்படி வராந்தாவுல உக்காரு."

உட்கார்ந்த இடத்திலிருந்து கூடம் தெரிந்தது. கூடத்துக்கு அப்பால் பூஜையறைக் கதவு பாதி திறந்திருந்தது. அந்த இடைவெளியில் ஒரு முழம் அகலத்துக்குப் பச்சை. தன்னையறியாமல் எழுந்து வாசற்படியில் கால் வைத்துவிட்டாள்.

"அங்க வேண்டாம் கொழந்தே." கமலாக்ஷியின் குரல் உயரவில்லை. ஆனால் உடம்பு வந்து வாசலை அடைத்துக்கொண்டது.

"தெரியும்மா. பெரியம்மாவுக்குப் பிடிக்காதுன்னு சார் சொல்லியிருக்காங்க. அவங்க உள்ள இருக்காங்களா?"

"எந்தப் பெரியம்மா?"

"சாரோட அம்மா."

கமலாக்ஷி கூடத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். சந்தன மாலை போட்ட படம் ஒன்று அங்கே தொங்கியது. "அவா போய் வருஷக்கணக்காச்சே! நீ காலேஜ்ல சேர்றதுக்கெல்லாம் முன்னாலயே."

சொன்ன பிறகுதான் எதைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது. சந்தனமாரி காத்திருக்கவில்லை.

தெருவில் மிளகு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நெடியில்தான் கண் கரிக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். செத்துப்போன ஒரு கிழவியை இத்தனை நாள் வாசலில் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார் மனுஷர்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். கமலாக்ஷி சொல்லியிருக்க வேண்டும்; ஆனால் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "வர்ற வாரம் ஆய்வுக் குழு கூடறது. தலைப்ப மாத்திக்கறேன்னு சொல்லிடு. நான் கையெழுத்துப் போடலேன்னா உன் ஆராய்ச்சி அங்கேயே நின்னுடும், நோக்குத் தெரியும்" என்றார். குரல் பிரியமாகத்தான் இருந்தது. அந்தப் பிரியம்தான் அவளைப் பயமுறுத்தியது.

குழு கூடிய அன்று சந்தனமாரி வெறுங்கையோடு போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு பேராசிரியர்கள். வெங்கிட்டு சார் ஓரத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என் தலைப்பு மாறல" என்றாள். "எங்கம்மா கண்காட்சிக்கு வர மாட்டாங்க. எங்கப்பா படமும் வராது. நான் பச்சையைத்தான் எழுதப்போறேன். அதுக்கு முக்கியமான சுவர் என் கைட் வீட்டுப் பூஜையறைல இருக்கு. பாக்க அனுமதி கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். குழு வாங்கித் தரணும்."

ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவியான மலையாளத்து அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எந்தா வெங்கிட்டு, வல்ல பிரஸ்னமும் உண்டோ?" என்று கேட்டார்.

சாதியைப் பற்றிக் கூட்டத்துக்குக் கூட்டம் முழங்குகிற மனுஷரால் வேறு என்ன சொல்ல முடியும்? "என்ன பிரஸ்னம்? எப்ப வேணாலும் வரட்டும்" என்றார்.

தலைவி அதை அப்படியே தீர்மானமாக எழுதச் சொன்னார்.

குறித்துக் கொடுத்த நாளில் போனாள். இந்த முறை வாசல் விரியத் திறந்திருந்தது. வெங்கிட்டு சாரே எதிரில் வந்து, "வா, வா. தாராளமா உள்ள வா" என்றார். அந்த உபசாரம் சரியாகப் படவில்லை. கூடத்திலேயே சுண்ணாம்பு வாடை அடித்தது.

பூஜையறையின் நாலு சுவரும் வெள்ளை. தரை ஓரங்களில் சொட்டிய சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. வனம் இல்லை, இலை இல்லை. சாமி படங்கள் மட்டும் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

"ஈரம் பிடிச்சு ரொம்ப மோசமாயிடுத்து" என்றார் அவர், வேறெங்கோ பார்த்தபடி. "வேற வழியில்ல. நேக்கும் மனசு ஆறலதான்."

கமலாக்ஷி வாசலில் வந்து நின்றாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

ஒருத்தி கண்ணால் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, முன்னூறு வருஷத்துக் காட்டை ஒரே நாளில் மூடியிருக்கிறார்கள். சந்தனமாரிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. சுவருக்குப் பக்கத்தில் போய் விரலால் தொட்டாள். விரல் நுனியில் வெள்ளை ஒட்டியது. தேய்த்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"பெயிண்ட் இல்லையே சார். வெறும் சுண்ணாம்புதான?"

"ஆமா. ஏன்?"

"அப்ப அடியில படம் அப்படியேதான் இருக்கும். இந்த மாதிரி வெள்ளையடிச்ச சுவர் எத்தனையோ உரிச்சு எடுத்திருக்காங்க. காய்ஞ்சதும் சின்னக் கத்தி வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா செதுக்கணும். ஒரு நாளைக்கு உள்ளங்கை அகலம் எடுத்தாலே பெரிசு." அவள் பையைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "எப்ப வேணாலும் வரலாம்னு குழுத் தீர்மானம் இருக்கு. நானே வந்து எடுக்கறேன் சார்."

வெங்கிட்டு சார் மனைவியைப் பார்த்தார்.

"தெனமுமா?" என்றாள் கமலாக்ஷி.

"தெனமும்மா" என்றாள் சந்தனமாரி. "வருஷக்கணக்கா ஆகும்."