கவிழ்த்தாலும் விழாது

மஹ்பூபா விற்கும் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. நம்பாதவர்களுக்கு அவளே கவிழ்த்துக் காட்டுவாள். எல்லாம் தன் கைராசி என்பாள். பினாங்கின் சூலியா தெருவில் யாரும் மறுத்ததில்லை. அப்படிப்பட்டவள் வீட்டில் அன்று காலை அத்தனை சட்டியிலும் பால் பாலாகவே கிடந்தது.

வினை முந்தின நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் திருநாவுக்கரசு உருவில் வந்திருந்தது. ஊரில் வாந்திபேதி பயம். "எல்லாத்தையும் கொதிக்க வைங்கக்கா, ஒரு கிருமி மிஞ்சக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். சுத்தத்தில் எனக்கே பாடமா என்று அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பால், சட்டி, அகப்பை எல்லாம் கொதித்தன. அதே வேகத்தில் உறைமோரையும் அடுப்பில் ஏற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டுத்தான் பாலில் ஊற்றினாள்.

அன்று காலை வந்து விவரம் கேட்ட திருநாவுக்கரசு தலையில் கை வைத்துக்கொண்டார். "உறையில இருக்கறதும் கிருமிதான்க்கா. கண்ணுக்குத் தெரியாது, ஆனா உசுரு இருக்கு. பால்ல உள்ள இனிப்பைத் தின்னு புளிப்பாக்கும். அந்தப் புளிப்புலதான் பால் உறையும், கெட்ட கிருமியும் அதுல லேசுல வளராது. அதைப் போயி கொன்னுட்டீங்களே!"

"அப்ப என் கைராசி?"

அவர் தொப்பியைத் தடவினார். "பசார்ல கொஞ்சம் தயிர் வாங்கி ஊத்துங்க லா" என்றார்.

"பசார் தயிரா? கொழகொழன்னு நூல் விடும், தம்பி!"

நாகப்பட்டினத்தில் அவள் உம்மா தயிரில் துணியை நனைத்துக் காயவைத்துக் கொடுக்க, அந்தத் துணியை மடியில் கட்டிக் கப்பலேறி வந்தவள் அவள். இங்கே அதைப் பாலில் நனைத்த அன்று முதல் ஒருநாளும் அறுபடாத உறை. அது மிஞ்சியிருந்தால் ஒரே ஒரு வீட்டில்தான் மிஞ்சியிருக்கும்: முன்பு அவள் உறை கொடுத்திருந்த பினாங்கு தெரு முத்தம்மை ஆச்சி வீட்டில். "என் தயிரும் கவிழ்த்தாலும் விழாது" என்று ஆச்சி நாலு பேர் நடுவே சொல்ல, "அது யார் வீட்டு உறையாம்?" என்று இவள் கேட்க, தீபாவளியிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

வெயில் சாய்வதற்குள் போய்விட வேண்டும்; விளக்கு வைத்த பிறகு யாரும் உறை கொடுக்க மாட்டார்கள். கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனாள். முத்தம்மை அதைக் கை நீட்டி வாங்கினாள். கிண்ணம் நிறைய ஊற்றி, மேலே ஒரு தட்டையும் வைத்து மூடினாள்.

"ஒங்க வீட்டுப் பொண்ணுதானே அக்கா. பொறந்த வீட்டுக்குப் போறா."

மஹ்பூபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கை தொடாமலே தன் உறை அந்த வீட்டில் பிழைத்திருக்கிறது. கைராசி போனால் போகட்டும், கொடுத்த கை தன்னுடையதுதானே என்று நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாள் திருநாவுக்கரசு வந்ததும் வராததுமாக அவரை வாசலில் நிறுத்தினாள். தெரு கூடிவிட்டது. முத்தம்மையும் வந்திருந்தாள்.

"அசையாம நில்லுங்க தம்பி."

சட்டியைத் தூக்கி அவருடைய வெள்ளைத் தொப்பிக்கு நேர் மேலே கவிழ்த்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சட்டிக்குள்ளே அந்தக் கண்காணா உயிர்கள் அத்தனையும் பிடியை விடாமல் தொங்கிக்கொண்டிருந்தன.