ஒற்றைத் துடுப்புச் சீல்

மார்ச் 14, வெள்ளி

இன்றைக்கு முதல் தவறு என்னுடையது. ஏலக்கூடத்தில் பதினேழாம் உருப்படியை வெல்வெட் துணிமேல் மல்லாக்க வைத்துவிட்டேன். வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் தந்தத்தில் செதுக்கிய கையடக்கமான சீல், அதாவது கடல்நாய் உருவம் அது. எது முதுகு, எது வயிறு என்று சட்டென்று சொல்ல முடியாத கோணல். முதலாளி ராண்டால் ஸ்ட்ரோம் வந்து திருப்பி வைத்தார். திட்டவில்லை.

பக்கத்தில் அவர் வைத்த அட்டையைப் படித்தேன். பெரிங் கடல் தீவின் மூதாதையர் செய்தது, சுமார் முந்நூறு ஆண்டுப் பழமை, அதன் ஒரு துடுப்பு, சடங்கின்போது வேண்டுமென்றே உடைக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது என்று இருந்தது. அந்தத் தீவு என் தீவு. அப்படியொரு சடங்கை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் தீவை விட்டு அலாஸ்காவின் பெருநகரமான ஆங்கரேஜுக்கு வந்து ஆறு வருடமாகிறது, எனக்குத் தெரியாதது இருக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நாளை ஏலம். இன்று எல்லாரும் வந்து பொருள்களைப் பார்த்துப்போகும் நாள். பெரியப்பா மகன் டெல்பர்ட் அண்ணனும் வந்தான். இந்தக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செதுக்கிய பனிக்கரடியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். கழுத்தைத் திருப்பித் தன் குட்டியைப் பார்க்கும் கரடி. ஸ்ட்ரோம் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"புதுத் தந்தம் வேண்டாம்ப்பா. நாட்டுல பாதி மாநிலங்களுக்கு அனுப்ப முடியாது. நூறு வருஷம் தாண்டினதா இருந்தா கொண்டா."

"நூறு வருஷம் கழிச்சு நானே எப்படி சார் கொண்டு வர்றது?" என்றான் அண்ணன்.

ஸ்ட்ரோம் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். எனக்குத்தான் முகம் சுட்டது. பூர்வகுடிகளான எங்கள் ஆட்கள் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கி விற்கச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் வாங்குகிறவர்களின் ஊரில் எல்லாத் தந்தத்துக்கும் ஒரே தடை, பழசுக்கு மட்டும் விலக்கு. செதுக்கியவன் செத்திருந்தால் மரியாதை. உயிரோடு வந்து நின்றால் வாசல் வரைக்கும்தான்.

அண்ணன் துண்டை மடித்துக்கொண்டு திரும்பும்போது பதினேழாம் உருப்படியைப் பார்த்தான். முதலில் சிரித்தான். அப்புறம் அட்டையைப் படித்தான்.

"ஏய் வெர்னா. இது நான் செஞ்சது."

"சும்மா இருண்ணா."

"சத்தியமா. பன்னெண்டு வயசுல செஞ்சேன். துடுப்பு சடங்குல உடையல, ரம்பம் வழுக்கி உடைஞ்சுச்சு. அன்னைக்கு நான் அழுத அழுகைதான் சடங்கு."

"பழுப்பா இருக்கே?"

"நம்ம ஊர் ஸ்கூல் பீட்டர்சன் டீச்சருக்குக் குடுத்தேன். அவங்க அதை டீத்தூள் டப்பாவுலதானே போட்டு வெச்சிருந்தாங்க. மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். பெட்டிக்குள் இருந்த வாசனைதான் வந்தது. ஆனால் நான் அவனை நம்பினேன். முதல் வேட்டையை முழுதாகக் கொடுத்துவிடுவதுபோல முதல் செதுக்கலையும் கொடுத்துவிடுவதுதான் எங்கள் குடும்பத்தில் வழக்கம். அதை விற்கக்கூடாது. திரும்ப வாங்கவும் கூடாது. யாருக்குக் கொடுத்தான் என்பதை அவன் மறக்க வழியில்லை.

"நாளைக்கு வித்துட்டா, முதல் பொருளையே வித்தவன்னு ஆயிடுவேன்டி நான்," என்றான். இப்போது சிரிக்கவில்லை.

ஸ்ட்ரோமிடம் போய்ச் சொன்னேன். நான் ஒத்திகை பார்த்துக்கொண்ட மாதிரி வரவில்லை. பொருளை ஏலத்துக்குக் கொடுத்தது டீச்சரின் மகன் டென்னிஸ் என்று அவர் வாயாலேயே சொன்னார். ஆகவே அண்ணன் சொன்னது சரி என்பது அவருக்கும் விளங்கியிருக்கும்.

"'கருதப்படுகிறது'ன்னுதானேம்மா போட்டிருக்கேன்?" என்றார். "யாரு கருதினான்னு போடலையே. போய் காபி வை."

காபி வைத்தேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவன் நன்றாகச் செய்த கரடியைத் தொடமாட்டார்கள். வேலை தெரியாத வயதில் செய்த சீலை, இல்லாத சடங்கைச் சொல்லி வெல்வெட்டில் படுக்க வைப்பார்கள். எங்கள் மூதாதையருக்குச் செதுக்கத் தெரியாது, கோபத்தில் பொருளை உடைப்பார்கள் என்று வாங்குகிறவன் நம்பிக்கொண்டு போவான். அந்த மூதாதையர் ஈட்டிமுனைகளில் செதுக்கிய ஒரு கோட்டின் நேர்த்தியை இந்தச் சீலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். யாரும் பார்ப்பதில்லை.

மதியம் புரூவிட் என்ற சேகரிப்பாளர் சீலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வெளிமாநிலக்காரர், பட்டுக் கழுத்துத்துணி. ஸ்ட்ரோம் பக்கத்திலேயே நின்றார். புரூவிட் என்னைப் பார்த்து, "நீ அந்தத் தீவுப் பொண்ணுதானே? உன் முன்னோர் கைவேலை. பெருமையா இருக்கா?" என்று கேட்டார்.

"முன்னோர் இல்லைங்க சார். என் அண்ணன். அதோ காபி மேசைகிட்ட பிஸ்கட் தின்னுட்டிருக்கான்."

அண்ணன் வாயில் பிஸ்கட்டோடு கையை உயர்த்தினான்.

புரூவிட் கை சுட்டதுபோலச் சீலைக் கீழே வைத்தார். ஸ்ட்ரோமிடம் கோபப்படுவார் என்று நினைத்தேன். என்னிடம்தான் கோபப்பட்டார்.

"இதை முன்னாடியே சொல்லத் தெரியாதா? நான் எவ்வளவு நேரமா இதைப் பாத்துட்டிருக்கேன்!"

"நீங்க பாக்கும்போது அழகாத்தானே சார் இருந்துச்சு? இப்ப என்ன குறைஞ்சு போச்சு?" என்றான் அண்ணன்.

புரூவிட் தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணன் துண்டை விரித்துக் கரடியைக் காட்டவும் நேரம் தரவில்லை.

ஸ்ட்ரோம் அட்டையைக் கிழித்தார். டென்னிஸைப் போனில் கூப்பிட்டுப் பேசினார். அஞ்சல் செலவுக்குக்கூட ஆகாத பொருள், தூக்கிப் போடு என்று டென்னிஸ் கத்தியது எனக்கே கேட்டது. நான் ஸ்ட்ரோமின் கையிலிருந்த போனை வாங்கி, "உங்கம்மாகிட்டயே கொண்டு போய்க் குடுக்கட்டுமா?" என்று கேட்டேன். பிடுங்கினேன் என்று எழுதுவதுதான் சரி.

"என்னமோ பண்ணித் தொலை. பால்மர் ஊர்ல முதியோர் இல்லத்துல இருக்காங்க."

ஸ்ட்ரோம், "நாளையிலருந்து வராதே," என்றார். மறுபடி யோசித்து, "நாளைக்கு ஏலத்துக்கு ஆள் வேணும், திங்கள்லருந்து வராதே," என்றார்.

"நாளைக்கே வரலை சார்," என்றேன்.

வாசலில் சீலை அண்ணனிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"குடுத்ததைத் தொட மாட்டேன். நீயே வெச்சிரு."

வாடகைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. புரூவிட்டிடம் இன்னும் நன்றாகப் பேசியிருக்கலாமோ, கரடியையாவது அவர் பார்த்திருப்பாரோ என்று நான் படிக்கும் மாலை வகுப்பில் உட்கார்ந்து யோசித்ததில் பாடம் காதில் ஏறவில்லை. ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தையையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நாளை: காலைப் பேருந்தில் பால்மர். சீலைப் பீட்டர்சன் டீச்சர் கையில் கொடுக்க வேண்டும்.