திறப்புக்கோர்வையும் தேத்தண்ணியும்

ஜெர்மனியில் பிரபுப் பட்டங்களை ஒழித்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. லுட்கர் ஃபொன் எல்மன்றோட்டின் மாளிகைக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் சரியாக வந்து சேரவில்லை. ஹனோவரிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். முப்பத்திரண்டு அறை, அதில் கூரை ஒழுகாதவை பதினொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரபுவே பச்சை மேலங்கி போட்டுக்கொண்டு, சீட்டு வாங்கியவர்களுக்குத் தன் பரம்பரையைச் சுற்றிக் காட்டுவார்.

சுற்றின் உச்சம் பெரிய கூடம். வீட்டு நிர்வாகியை மணந்து குடும்பத்தையே கதிகலங்க வைத்த முன்னோர் ஒருவர் அங்கே ஆளுயர ஓவியமாக நிற்கிறார். அவளுக்கு ஓவியம் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அவளுடைய திறப்புக்கோர்வை, அந்த வீட்டுச் சாவிக்கொத்து, மட்டும். அந்தக் கண்ணாடியை வாராவாரம் துடைப்பவள் இப்போதைய வீட்டு நிர்வாகி கொறற்றி. சொந்த ஊர் மன்னார், வயது ஐம்பத்திரண்டு, கணவன் இறந்து பதினொரு வருடம்.

பழைய கதை அதே வீட்டில் திரும்பவும் நடப்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஈஸ்டருக்குப் பிறகு மூன்று பேர்: பிரபு தன் அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா அன்றோடு அந்த வீட்டுப் படியேறவில்லை.

“என் ஆட்களிடம் சொல்லிவிட்டேன். உன் ஆட்களிடம்?” என்று பிரபு கொறற்றியிடம் கேட்டார்.

கொறற்றியின் ஆட்கள் என்றால் ஹனோவர் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கு. பங்குச் சுற்றுலா பஸ் இங்கே வருகிற ஞாயிறு, எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள், நான் மொழிபெயர்க்கிறேன் என்று அவளே வாக்குக் கொடுத்தாள்.

பஸ் வந்தது. பங்குச் சபைத் தலைவர் சூசைதாசன், தலைவர் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி முதலில் இறங்கினார்.

“கொறற்றி, நீதான் பிள்ளை தமிழில சொல்ல வேணும். எங்களுக்கு டொச் ஏலாது.”

பதினெட்டு வருடமாக டாக்டர், அரசு அலுவலகம் என்று அவருடைய ஒவ்வொரு டெர்மினுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து அவள்தான் ஜெர்மனை மொழிபெயர்த்து வந்தாள்.

கூடத்தில் பிரபு தொண்டையைச் செருமினார். எட்டுத் தலைமுறை, இரண்டு போர், ஒரு குதிரை எல்லாவற்றையும் கடந்து நான்காவது நிமிடத்தில்தான் விஷயத்துக்கு வந்தார். “என் முன்னோர் செய்ததை நானும் செய்யப்போகிறேன். திருமதி கொறற்றியை மணக்கக் கேட்டேன். சம்மதித்துவிட்டார்.”

நாற்பது முகங்கள் அவள் பக்கம் திரும்பின. அவள் கணவனின் அடக்கப் பூசையில் பாடிய அத்தனை பேரும் முன்வரிசையில் நின்றார்கள்.

“கீழ தேத்தண்ணி ரெடியாம். எல்லாரையும் வரட்டாம்” என்றாள் கொறற்றி.

ஒருவரும் அசையவில்லை. யாரோ இருமினார்கள். சூசைதாசன் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

“பிள்ளை, அவர் தேத்தண்ணியெண்டு ஒண்டும் சொல்லேல்லை.”

“அண்ணை, உங்களுக்கு டொச்...”

“முப்பது வருசம் பாக்டரியில வேலை செய்தனான். விளங்காதே?”

“பிறகேன் ஒவ்வொரு டெர்மினுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனனீங்கள்?”

“நீ வந்தா அவங்கள் மரியாதையாக் கதைப்பாங்கள்.” தலைவர் அட்டை மெதுவாகச் சட்டைப்பைக்குள் போனது.

“என்ன சொன்னாய்?” என்று பிரபு ஜெர்மனில் கேட்டார்.

இவரிடம் அவள் இதுவரை பொய் சொன்னதில்லை. “தேநீர் தயார் என்று.”

பிரபுவின் காது மடல்கள் சிவந்தன. எட்டுத் தலைமுறையும் முகத்திலிருந்து இறங்கிப் போயின. “அப்படியானால் தயாராகத்தான் இருக்க வேண்டும்” என்று கீழே போனார்.

தட்டோடு திரும்பி வந்தார். நாற்பது பேருக்கு ஆறு கோப்பை. பாதித் தேநீர் தட்டில். தேயிலைப் பைகளின் நூல்கள் தொங்கின.

“பாலுமில்லை, சீனியுமில்லை” என்று ஒரு பெண்குரல் கிசுகிசுத்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவர்மேல் விழுந்ததைக் கொறற்றி பார்த்தாள். நின்ற இடத்திலேயே கூசிப்போனாள். போய்த் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

“அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லுறன்.”

“வேண்டாம் பிள்ளை, எல்லாருக்கும் விளங்கினது.”

“இல்லையண்ணை. நான் சொல்ல வேணும்.”

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இவர் என்னைக் கலியாணம் முடிக்கக் கேட்டவர். நான் ஓமெண்டனான்.” குரல் இரண்டாம் வரிசையைத் தாண்டவில்லை.

தமிழ் தெரியாத பிரபு, சூசைதாசனைப் பார்த்தார். பங்கு மக்கள் முன்னால் முதல்முறையாக, பிழையில்லாத ஜெர்மனில், சூசைதாசன் சொன்னார்: “இந்த முறை சரியாகச் சொன்னாள்.”

கொறற்றி இன்னும் தலை நிமிரவில்லை. ஆனால் தட்டில் தான் பிடித்திருந்த பக்கத்தை அவள் விடவில்லை.