ஜெர்வாஸ் தாக்வெல் செத்த விதம்

தேம்ஸ் நதியின் தென்கரையில் நாடகக் கொட்டகையில் இன்று ஆட்டம் உண்டு என்று கொடி ஏறிவிட்டால் போதும், ஜெர்வாஸ் தாக்வெலின் நடை மாறிவிடும். கசாப்புக்காரனிடம் ஆட்டுத்தொடை கேட்பதுகூட மன்னன் குரலில்தான். வருஷக்கணக்கில் மன்னனாகவே நடித்து, தான் மன்னன் இல்லை என்பதை மறந்துபோன மனிதன். ஞாபகப்படுத்தத் துணிந்தவர்கள் குழுவில் யாருமில்லை, ஏனென்றால் கூட்டம் அவன் தொண்டைக்குத்தான் வந்தது.

அந்தக் குழுவுக்கு நாடகம் எழுதிக் கொடுத்தவன் ஆம்புரோஸ் ஃபென்னர். நாரிச் ஊரில் மாட்டுக்கொழுப்பு உருக்கி மெழுகுவத்தி ஊற்றுகிறவனின் மகன். கேம்பிரிட்ஜில் பணக்காரப் பிள்ளைகளுக்குப் பரிமாறி, அவர்கள் மிச்சம் வைத்ததைத் தின்று லத்தீன் படித்தவன். பெண்டாட்டியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்து, முழங்கையில் ஒட்டுப் போட்ட சட்டையோடு மதுக்கடை மூலையில் உட்கார்ந்து எழுதுவான். அவன் எழுதிய 'சிசிலியின் குருட்டு இளவரசன்' ஓடியபோது ஜனங்களை அக்கரையிலிருந்து ஏற்றிவரப் படகு போதவில்லை. ஆனால் எழுதினவன் பெயர் என்ன என்று ஒரு படகுக்காரனும் கேட்டதில்லை. யார் நடிக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். லண்டனின் ரசனை அவ்வளவுதான்.

ஜெர்வாஸுக்கு அது போதவில்லை. தெரியாத பெயரைக்கூட மட்டம் தட்டினால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும்.

"டேய் மெழுகுவத்தி," என்றான் ஒருநாள் மதுக்கடையில், குழுவே உட்கார்ந்திருக்கும்போது. "நீ எழுதுறது வெறும் எச்சி. என் வாய்க்குள்ள வந்தப்புறம்தான்டா அது வசனம்."

"அப்ப எழுதினதையே சொல்லலாமே, தலைவரே," என்றான் ஃபென்னர், தாளிலிருந்து தலை தூக்காமல். "நடுநடுவுல சொந்தச் சரக்க எதுக்கு ஊத்துறீங்க?"

சொந்தச் சரக்கு என்றால் எல்லோருக்கும் தெரிந்த ஒரே சரக்குதான். எந்த நாடகமானாலும், எந்த நாட்டு மன்னனானாலும், சாகிற இடம் வந்ததும் ஜெர்வாஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வானமே கேள்! வையமே கேள்! நான் சாகிறேன்!" என்று கத்துவான். கைதட்டல் வரும். எழுந்து தள்ளாடி இன்னொரு மூலைக்குப் போய் அதையே மறுபடி கத்துவான். கைதட்டல் ஓயும்வரை அவனுக்குச் சாவு வராது. பிளேக் நோய் வந்தவன்கூட அவனைவிடச் சீக்கிரம் போய்ச் சேருவான்.

"ஜனங்க அதுக்குத்தான்டா வர்றாங்க!" ஜெர்வாஸ் குவளையை மேஜையில் இடித்தான். "எல்லாரும் கேட்டுக்கங்க. இந்த லண்டன்ல எவனாவது ஒருத்தன், நாடகம் முடிஞ்சதும் 'எழுதினவன் யாரு'ன்னு கேட்டான்னா, அன்னிக்கே நான் மேடைய விட்டு இறங்கிடுறேன். திரும்ப ஏற மாட்டேன். சத்தியம்!"

"பெரிய சத்தியமா இருக்கே, வாத்தியாரே," என்றான் டிக்கன், குழுவின் கோமாளி. "ஒரு ஏப்பம் விட்டா குடிச்சதோட சேர்ந்து போயிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபென்னர் மட்டும் சிரிக்கவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தான்.

புது நாடகத்தின் பெயர் 'ஆர்மீனியாவின் கடைசி மன்னன்'. வழக்கம்போல் ஒவ்வொரு நடிகனுக்கும் அவனவன் வசனம் மட்டும் எழுதிய தாள் சுருள் கைக்கு வந்தது. முன்னால் பேசுகிறவன் எந்த வார்த்தைகளில் முடிப்பான் என்பது மட்டும் அதில் இருக்கும். அது காதில் விழுந்ததும் நுழைய வேண்டும், பேச வேண்டும். அடுத்தவன் சுருளில் என்ன இருக்கிறது என்பது மேடையில்தான் தெரியும். முழு நாடகமும், மறந்த வரியை எடுத்துக்கொடுக்கிற பிரதிக்காரக் கிழவரிடம் மட்டுமே இருக்கும். ஜெர்வாஸ் பாதி வசனத்தில் வரி மறந்து அவரை முறைத்து முறைத்தே அந்தக் கிழவர் நொந்துபோயிருந்தார்.

ஒத்திகை ஒரே ஒரு காலை. சாகிற காட்சி வந்ததும் ஜெர்வாஸ் கையை உதறினான். "இத யாரும் எனக்குச் சொல்லித் தர வேணாம். சாவு என் சொந்த விஷயம். அடுத்ததுக்குப் போங்க."

பிரதிக்காரக் கிழவர் ஃபென்னரைப் பார்த்தார். ஃபென்னர் கூரையைப் பார்த்தான்.

முதல் ஆட்டத்தன்று மதியம் கொட்டகை நிரம்பி வழிந்தது. மேடைக்கு முன்னால் திறந்த முற்றத்தில் நின்றவர்கள் கொட்டையை உடைத்துத் துப்பிக்கொண்டே பார்த்தார்கள். மன்னனுக்குக் கத்திக்குத்து விழுந்தது. சட்டைக்குள் வைத்திருந்த பன்றி ரத்தப் பை உடைந்தது. ஃபென்னர் எழுதியதில் பாதியை விழுங்கிவிட்டு ஜெர்வாஸ் நெஞ்சைப் பிடித்தான்.

"வானமே கேள்! வையமே கேள்! நான் சாகிறேன்!"

பின்கதவு திறந்தது. டிக்கன், தச்சன் வேஷத்தில், அளவுக் கயிற்றோடு உள்ளே வந்தான். 'நான் சாகிறேன்' என்று காதில் விழும்போதெல்லாம் உள்ளே போ என்றுதான் அவன் சுருளில் எழுதியிருந்தது.

"சவப்பெட்டிக்கு அளவெடுக்கச் சொன்னாங்க," என்று மன்னனின் தலையிலிருந்து கால்வரை கயிறு பிடித்தான். "அட, இன்னும் மூச்சு வருதே! சரிங்க, அப்புறமா வரேன்."

முற்றம் வெடித்துச் சிரித்தது. ஜெர்வாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. தடுமாறும்போது கைகொடுக்க அவனிடம் இருந்தது ஒரே வசனம். இன்னொரு மூலைக்குத் தள்ளாடிப்போய் இன்னும் உரக்கக் கத்தினான். மறுபடியும் கதவு திறந்தது.

"இப்பவாவது முடிஞ்சுதா? பசங்க பலகையெல்லாம் அறுத்துட்டு உக்காந்திருக்காங்க, சாமி."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது ஒருமுறை கத்திவிட்டுக் கெடும். ஜெர்வாஸ் மூன்றாம் முறையும் கத்தினான். சிரித்துச் சிரித்து மாடியில் ஒரு சீமாட்டிக்கு விக்கலே வந்துவிட்டது.

ஒப்பனை அறையில் அவன் ஃபென்னரின் கழுத்துப்பட்டையைப் பிடித்தான். "என்னக் கோமாளியாக்கிட்டியேடா, பாவி!"

"நான் என்ன பண்ணேன், தலைவரே? அந்த வசனத்த நான் உங்க சுருள்ல எழுதவே இல்லையே." ஃபென்னர் கையை மெல்ல விலக்கினான். "எழுதினத மட்டும் சொல்லியிருந்தா தச்சன் உள்ளயே வந்திருக்க மாட்டான்."

நாக்கை அறுத்துக்கொண்டாலும் சரி, இனி அந்தச் சொந்தச் சரக்கைச் சொல்வதில்லை என்று ஜெர்வாஸ் முடிவு செய்தான். 'வெறும் வசனத்த மட்டும் சொல்றேன். நாடகம் படுத்துரும். அப்பத் தெரியும் இவனோட எச்சிக்கு என்ன மரியாதைன்னு.'

அடுத்த வாரம் அதே நாடகம். தச்சனுக்காகவே கூட்டம் வந்திருந்தது. கத்திக்குத்து விழுந்ததுமே முற்றத்தில் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. ஜெர்வாஸ் விழுந்தான். நெஞ்சைப் பிடிக்கவில்லை, எழுந்து தள்ளாடவில்லை. சுருளில் இருந்ததை மட்டும், வேண்டாவெறுப்பாக, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"விளக்கை அணைக்காதே. இருட்டில் என் பெயர் எனக்கே மறந்துபோகும். யாராவது அருகில் இருந்து சொல்லிக்கொண்டே இருங்கள்."

அவ்வளவுதான் எழுதியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

சத்தமே இல்லை. 'படுத்துருச்சு,' என்று உள்ளுக்குள் குதூகலித்தான். அப்போது முற்றத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பக்கத்தில் இன்னொருவர். கொட்டை உடைபடும் ஓசைகூட நின்றுபோயிருந்தது. இத்தனை வருஷம் உயிரைக் கொடுத்துக் கத்தியும் அவனுக்கு வாய்க்காத மௌனம் அது. அந்த மூன்று வரிகள்மேல் அவனுக்குப் பொறாமை வந்தது.

பிறகு ஒரு படகுக்காரனின் கரகரத்த குரல். "யோவ், இத எழுதினவன் யாருய்யா?"

"ஆமா, யாரு? பேரச் சொல்லுங்கப்பா!" முற்றம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

ஜெர்வாஸால் எழுந்து அதட்டவும் முடியவில்லை, செத்துக் கிடந்தான். மேடைக்குத் திரை கிடையாது, பிணத்தைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். டிக்கனும் மற்றவர்களும் தூக்கினார்கள்.

"வாத்தியாரே, கேட்டுட்டாங்க," என்று டிக்கன் காதோரம் கிசுகிசுத்தான். "சத்தியம் ஞாபகமிருக்கா?"

"பிணத்துகிட்டப் பேசாதடா."

உள்ளே இறக்கியதும் ஜெர்வாஸ் எழுந்து உட்கார்ந்து, மகுடத்தைக் கழற்றித் தரையில் வைத்தான். குழு முழுக்க அவனையே பார்த்தது. வெளியே கூச்சல் ஓயவில்லை.

ஃபென்னர் மகுடத்தை எடுத்து, தன் ஒட்டுச் சட்டையில் துடைத்து, அவனிடமே நீட்டினான். "மேடைய விட்டெல்லாம் இறங்க வேணாம், தலைவரே. போய் அவங்க கேட்டதச் சொல்லிட்டு வாங்க. என் குரல் கடைசி வரிசைக்கு எட்டாது."

ஜெர்வாஸ் மகுடத்தை வாங்கவில்லை. வெறுந்தலையோடு வெளியே போய் மேடை விளிம்பில் நின்றான். முற்றம் அடங்கியது.

"ஆம்புரோஸ் ஃபென்னர்," என்றான்.

சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவன் எந்த மன்னனாகச் செத்தபோதும் அப்படி ஒரு கைதட்டல் விழுந்ததில்லை.