அரசப்பன் வீட்டுக் காப்பி

அரசப்பன் மனைவி அம்சம் நீட்டிய எவர்சில்வர் டம்ளரில் ஆவி பறந்தது. ஒன்றியச் செயலாளர் துரைராசு அதை எடுக்கவில்லை. வாசலில் நின்ற அரசப்பனின் பங்காளிகள் பேச்சை நிறுத்திவிட்டு அவர் கையையே பார்த்தார்கள். அரசப்பன் சாகுபடி செய்யும் குத்தகை நிலத்தின் மேல் ஆறு வருஷமாக நடத்திய வழக்கை வாபஸ் வாங்குவதாகத் துரைராசு அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். தேர்தல் வருகிறது, மேலிடம் சொல்லிவிட்டது. பெருந்தன்மை என்று சுவரொட்டியில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் இந்தக் காப்பியைக் கடக்க வேண்டும்.

இரண்டு மாதமாக அவருக்குச் சோறு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிறது. வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஹமீதா பானு தஞ்சாவூருக்கு நேராக எண்டோஸ்கோபிக்கே எழுதிவிட்டார். துரைராசுவுக்கு அது அவமானமாக இருந்தது. கிளையைப் பார்த்து, ஒன்றியத்தைப் பார்த்து, அப்புறம்தான் மாவட்டம். கட்சியில் அவர் கண்ட வரிசை அது.

"பெரிய டாக்டரு ஒருத்தர் மொதல்ல என்னப் பாக்க வேணாமாம்மா?"

"அவரு பாத்தாலும் இதைத்தாங்கய்யா எழுதுவாரு. அதுக்குள்ள ஒரு மாசம் ஓடிரும். சோறு எறங்கல, எட கொறையுது. இது காத்திருக்கிற கேசு இல்ல" என்றார் டாக்டர். "அங்க உங்கள முன்னாடி யாரும் பாத்திருக்க மாட்டாங்க. அதனால நீங்கதான் கவனமா இருக்கணும். காலையில பச்சத்தண்ணிகூடப் படக்கூடாது."

அந்தக் காலைதான் இது. கார் தெருமுனையில் நின்றது. உள்ளே மனைவி அகிலாண்டம்.

"வேணாம்மா. இன்னிக்கு டெஸ்ட்டு. டாக்டரு வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க."

அரசப்பன் சிரித்தார். "இந்தத் தடவ டாக்டரம்மாங்களா, தலைவரே?"

பங்காளிகளில் ஒருவர் கனைத்துக்கொண்டார். முப்பது வருஷம் மேடையில் சமத்துவம் முழங்கிய துரைராசுவுக்கு இந்தத் தெருவுக்குள் வந்தால் மட்டும் உடம்புக்கு ஆகாது. ஒரு தேர்தலில் சர்க்கரை, ஒரு தேர்தலில் வாயுத் தொல்லை. சாமி இல்லை என்று பேசிய வாய்க்கு ஒருமுறை கிருத்திகை விரதம்கூட இருந்தது. அத்தனை பொய்யையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட தெரு, அவர் சொன்ன முதல் உண்மையை நம்பவில்லை.

"குடிக்க மாட்டாங்க, உள்ள கொண்டு போ புள்ள" என்றார் அரசப்பன். குரலில் கோபமே இல்லை. அதுதான் துரைராசுவைச் சுட்டது. டம்ளரைப் பிடுங்காத குறையாக வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

தஞ்சாவூரில் எண்டோஸ்கோபி அறை வாசலில் நர்ஸ் கேட்டார்: "காலையிலேர்ந்து எதாவது சாப்ட்டீங்களா, குடிச்சீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா."

"பொய் சொல்றாங்க" என்றாள் அகிலாண்டம். "காப்பி குடிச்சாங்க. கார்லேர்ந்து பாத்தேன்."

"பால் காப்பியா? கொழாய விடறப்ப அது மேல வந்து நுரையீரல்ல போச்சுன்னா உசுருக்கு ஆபத்துங்க, பெரியவரே."

"என்னை இங்க எந்த டாக்டரும் மொதல்ல பாக்கலம்மா, நேரா அனுப்பிட்டாங்க" என்று குற்றம் சாட்ட ஒரு ஆளைத் தேடினார் துரைராசு.

"அதுக்குத்தான நான் கேக்குறேன். சாயங்காலம் கடைசியில டாக்டரு இருந்தா பாப்பாரு. இல்லன்னா வேற தேதிதான்."

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். மாவட்டத்துக்குப் போன் போடலாமா என்று யோசித்தார். போட்டு என்ன சொல்வது, காப்பி குடித்துவிட்டேன் என்றா?

"குடிச்சதெல்லாம் எறங்கியிருக்கும்ங்க" என்றாள் அகிலாண்டம், அவர் முகத்தைப் பார்க்காமல்.

வெயில் சாய்ந்தது. பெஞ்சு காலியானது. கதவு திறந்தது.

"துரைராசு! யாருங்க துரைராசு?"

பட்டம் பதவி எதுவும் ஒட்டாத வெறும் பெயர். சட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் நெஞ்சிலிருந்து ஏதோ கிளம்பி, வாய் நிறைந்தது. புளித்திருந்தது, ஆனாலும் காலையில் குடித்த அதே காப்பி. ஒரு சொட்டும் கீழே போயிருக்கவில்லை.

"இருக்கீங்களா இல்லியா?" என்றார் நர்ஸ், கதவில் கைவைத்தபடி.

உப்பிய கன்னத்தோடு துரைராசு அகிலாண்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.