பாதிச் சவரம்

கட்டுரையின் முதல் படியைக் கையால்தான் எழுத வேண்டும் என்பது ஆசிரியை மிசஸ் லோமாக்ஸின் பிடிவாதம். திரையைப் பார்த்து எழுதினால் மனசு வெளியே வராதாம். கல்லூரி விண்ணப்பத்துக்குத் தன்னைப் பற்றி அறுநூற்றைம்பது வார்த்தை எழுதி, ஜோடியாக உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்துக் குறிப்பு வாங்க வேண்டும். அந்தக் குறிப்புக்கும் மதிப்பெண் உண்டு. ரெனாட்டா ஹவ்ரில்லாவுக்கு ஜோடியாக வாய்த்தவன் கிராண்ட் வெதர்பி. பல் டாக்டர் மகன், மேட்டுத் தெருவில் வீடு, ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவள் இருக்கிற கீழ்த்தெரு ஜனங்களில் ஒருத்தர் பேர்கூட அவனுக்குத் தெரியாது.

ரெனாட்டா தன் அப்பா எமிலைப் பற்றி எழுதினாள். தொழிற்சாலையில் அச்சு யந்திரம் அவருடைய இரண்டு கைகளையும் நசுக்கிய பிறகு எட்டு மாதம் கட்டோடு இருந்தார். பள்ளிக்கூடப் பேருந்து வருமுன் தினமும் அவள்தான் அவருக்குச் சவரம் செய்துவிட்டாள். கிராண்ட் அந்தத் தாள்களை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போனான். திங்கட்கிழமை வந்து, எங்கேயோ விழுந்துவிட்டது, மன்னித்துக்கொள் என்றான். அவளும் நம்பி, நினைவிலிருந்து மறுபடி எழுத உட்கார்ந்தாள்.

அவள் எழுதி முடிப்பதற்குள், கட்டுரை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மிசஸ் லோமாக்ஸ் ஒன்றை வகுப்பில் வாசித்துக் காட்டினாள். கிராண்ட் வெதர்பி எழுதியது. பக்கத்து வீட்டு பீட் மாமாவாம், கை நசுங்கியதாம், தினமும் இவன் சவரம் செய்துவிட்டானாம். 'தாடை வளைகிற இடத்தில்தான் கை நடுங்கும்' என்ற வாக்கியம்கூட அப்படியே இருந்தது. ஒரு நாளாவது ஒரு மனிதனின் தாடையைத் தொட்டிருப்பானா அந்தப் பாவி!

மணி அடித்ததும் போய்ச் சொன்னாள். மிசஸ் லோமாக்ஸ் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவன் திங்கட்கிழமையே கொடுத்துவிட்டான், உன்னுடையது இன்னும் என் கைக்கு வரவில்லையே என்றாள்.

"உன்னைக் குத்தம் சொல்லல, ரெனாட்டா. ஆனா இதையே நீயும் அனுப்பினா என்னால சிபாரிசுக் கடிதம் எழுத முடியாது. வேற ஏதாவது எழுதும்மா."

கடிதம் இல்லாவிட்டால் கல்லூரி இல்லை. தன் வீட்டுக் கதையைச் சொல்லத் தனக்கே வழியில்லாமல் போயிற்று. கிராண்டை நேரில் கேட்டதற்கு, இதெல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் நடக்கிறதுதானே என்று தோளைக் குலுக்கினான். அவன் மூக்கை உடைக்க வேண்டும் போல அவளுக்குக் கை துறுதுறுத்தது.

அக்டோபர் கடைசியில் அவன் அந்தக் கட்டுரையைக் கல்லூரிக்கு அனுப்ப இருந்தான். அதோடு ஊர் உதவித்தொகைக்கும் அது தேர்வாகியிருந்தது. தேர்வானவர்கள் நவம்பரில் தீயணைப்பு நிலையத்தில் நடக்கும் பான்கேக் காலை விருந்தில் ஊரார் முன்னால் படிக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் ஜோடியின் குறிப்பு இன்னொரு முறை வேண்டும். கூச்சமே இல்லாமல் அவளிடமே வந்து நீட்டினான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

ரெனாட்டா அழகாக எழுதிக் கொடுத்தாள். 'உருக்கம் இருக்கிறது, சம்பவம் இல்லை. பீட் முன்பு ஊரின் தொண்டர் தீயணைப்புப் படையில் இருந்தவர் என்று வை. பாதிச் சவரத்தில் தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதுகிறது. முகத்தில் நுரையோடு, வீட்டுச் செருப்போடு நிலையத்துக்கு ஓடுகிறார். வண்டிக் கதவைத் திறக்கப் போகும்போதுதான் தன் கைகள் உதவாது என்பது அவருக்கு நினைவு வருகிறது. நீ துண்டோடு பின்னால் ஓடு.'

இவள் எதற்கு நமக்கு உதவுகிறாள் என்று அவன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பிறந்ததிலிருந்து எல்லாம் தானாகக் கைக்கு வந்து சேர்ந்தவனுக்கு அந்த யோசனை எங்கிருந்து வரும்? ஒரு வரி விடாமல் சேர்த்துக்கொண்டு கல்லூரிக்கும் அனுப்பிவிட்டான்.

எமில் நிஜமாகவே ஓடிய அந்த ஓட்டத்தைப் பற்றி ரெனாட்டாவின் வீட்டில் யாரும் பேசுவதில்லை. விருந்துக்கு முந்தின நாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வேண்டாம் என்றால் இப்போதே நிறுத்திவிடுகிறேன் என்றாள். எமில் ஜன்னலிலிருந்து அவள் பக்கம் திரும்பினார்.

"அங்க இருக்கறவங்க எல்லாம் அன்னிக்கே பாத்தவங்கதானே. படிக்கட்டும். எனக்கு முன்வரிசையில இடம் பிடி."

நிலையத்தில் கீழ்த்தெருவே கூடியிருந்தது. கிராண்ட் டை கட்டி வந்திருந்தான். அவன் அம்மா கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் நிறுத்தி நிதானமாகப் படித்தான். சங்கு ஊதுகிற இடம் வந்ததும் முட்கரண்டிகள் நின்றன. ஒருத்தர்கூட அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் எமிலைப் பார்த்தார்கள். சபை உருகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அந்த மடையன் குரலை இன்னும் கொஞ்சம் தழுதழுக்க விட்டான். படித்து முடித்ததும் அவன் வீட்டு மேஜையிலிருந்து மட்டும் கைதட்டல் வந்தது.

நடுவர் மேஜையிலிருந்து நிலையத் தலைவி டோலோரஸ் பங்க்ராட்ஸ் எழுந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"தம்பி, அன்னிக்கு வண்டியை எடுத்தது நான்தான். அவர் மூஞ்சியில இருந்த சோப்பைத் துடைச்சதும் நான்தான். துண்டை என் கையில குடுத்தது ஒரு பொண்ணு. நீ எங்க நின்னே?"

கிராண்ட் தாளைப் பார்த்தான். முன்வரிசையில் எமில், மூன்று விரல் மிஞ்சிய வலது கையை மெதுவாகத் தூக்கினார்.

"இங்க இருக்கேன்பா. உன் பீட் மாமா."

யாரோ சிரித்தார்கள், பிறகு பலர். ரெனாட்டாவுக்கு அந்தச் சிரிப்பு தேனாக இனித்தது. கிராண்டின் அம்மா கைபேசியைக் கீழே வைத்தாள்.

மிசஸ் லோமாக்ஸ் முகம் சிவக்க ரெனாட்டாவிடம் ஓடி வந்தாள். இதை நீ முன்னாலேயே அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்றாள். சொன்னேன் மிஸ், உங்களுக்குத்தான் அன்றைக்குக் கேட்கவில்லை என்றாள் இவள். நாளைக்கே பள்ளியிலிருந்து கிராண்டின் கல்லூரிக்கு எழுதிவிடுகிறோம், உன் கட்டுரையை நீ தாராளமாக அனுப்பு, கடிதம் நான் தருகிறேன் என்று மிசஸ் லோமாக்ஸ் படபடத்தாள். ரெனாட்டா நன்றி சொல்லவில்லை.

வண்டிகள் நிற்கிற இடத்தில் கிராண்ட் அவளைப் பிடித்துக்கொண்டான். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. நீயே சம்மதித்துக் கொடுத்த கதை என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, என் வாழ்க்கையே போய்விடும் என்று கெஞ்சினான். இரக்கம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். துளிகூட வரவில்லை.

"நான் என்ன பண்ணட்டும், ரெனாட்டா? எழுதற மாதிரி எனக்கு எதுவுமே நடந்ததில்லையே."

"இப்ப நடந்திருச்சுல்ல," என்றாள் ரெனாட்டா. "போய் எழுது."